வெல்வெட்டுக்கு அடியில்

திருமயத்தில் பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கியதும், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சிறு பெண்தான் முதலில் சிரித்தாள். அடுத்து பாண்டு வாத்தியக்காரர்களில் ஒருவர் ஊதுவதை நிறுத்தினார். அதன் பிறகுதான் நான் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் வெள்ளை ஷெர்வானியில் இடுப்புக்குக் கீழே பின்பக்கம் முழுவதும் சிவந்திருந்தது. முன்னாலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் மாப்பிள்ளை. பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு, யாரோ வெற்றிலை துப்பிய இடத்தில் உட்கார்ந்து எழுந்தவர்.

"மாப்ளைக்கு மருதாணி வைக்கச் சொன்னா, எங்கடா வச்சுவிட்டிருக்கீங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வண்டியை ஓட்டி வந்தவர் என் அத்தா ஷேக் பரீது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். இருக்கைகளுக்குச் சிவப்பு வெல்வெட் போட்டவனும் நான்தான்.

வண்டி ஒரு பழைய ஆஸ்டின். யுத்தத்துக்கு முன்னால் வந்தது. துணிக்கூரையை மடித்துப் பின்னால் கட்டிவிட்டால் திறந்த வண்டியாகிவிடும். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டில் அத்தா வெகுகாலம் அதை ஓட்டினார். அவர்கள் மதராசுக்குக் குடிபோனபோது வண்டியை அவருக்கே விட்டுவிட்டார்கள். இப்போது புதுக்கோட்டையில் எல்லோரும் இரும்புக்கூரை வண்டிக்கு மாறிவிட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மூடிய வண்டி அவ்வளவு பொருத்தமில்லை. மாப்பிள்ளையை ஊர் பார்க்க வேண்டும். ஆகவே ஊரில் ஒரே ஒரு திறந்த வண்டி இருந்தால் அதற்கு வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும் என்று அத்தா நினைத்தார். எஞ்சினை அவர் பார்த்துக்கொண்டார். உள்பக்கத்தை என்னிடம் விட்டார்.

நான் பகலில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் கீழ ராஜ வீதியில் தட்டச்சு வகுப்புக்குப் போகிறேன். எதையும் யோசிக்காமல் செய்ய எனக்கு வராது. யோசித்துச் செய்த பிறகும் சரியாகத்தான் செய்தேனா என்ற சந்தேகம் போகாது. அதனால் படுக்குமுன் அன்று செய்ததை எழுதிவைப்பது வழக்கம். வெல்வெட் வேலை முடிந்த அன்று இப்படி எழுதினேன்: 'நன்றாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அநேகமாக.'

என்னவெல்லாம் செய்திருந்தேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. முன்னிருக்கையின் தோலைக் கிழித்து, மெத்தைக்காரரைக் கூப்பிட்டு, கல்யாண மெத்தைக்கு அடைப்பதுபோல இலவம்பஞ்சு அடைத்தேன். பின்னிருக்கையில் தோலுக்கு மேலேயே பஞ்சைப் பரப்பினேன். அதன்மேல் வெல்வெட். விளிம்பெல்லாம் மஞ்சள் குஞ்சம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பலகைக்கு வெள்ளிப் பெயின்ட். அதில் கலர் பல்புகள், ஒரு பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து. இருக்கை கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டதால் அத்தாவின் தொடை ஸ்டியரிங்கில் இடித்தது. "ராசா மாதிரி இருக்குடா" என்றார் அவர், தொடையைத் தேய்த்துக்கொண்டே.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. எங்கள் கல்யாணங்களில் ஊர்வலம் போகும் வழியெல்லாம் மாப்பிள்ளைமீது பன்னீர் தெளிப்பார்கள். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற விஷயம்தான். வெல்வெட் வாங்கும்போது முழம் பார்த்தேன், நிறம் பார்த்தேன், நூல் பார்த்தேன். நனைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த வாரத்துக்குள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கார் ஸ்டாண்டில் எங்கள் வண்டிக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: மருதாணி வண்டி. வைத்தவர் பெரியண்ணன் என்ற வாடகைக்கார் டிரைவர். அந்த ஸ்டாண்டில் இருப்பதிலேயே பளபளப்பான வண்டி அவருடையது. உள்ளே பல்பும் கண்ணாடியும் ஜிகினாவுமாக ஒரு ஜவுளிக்கடையே இருக்கும்.

"வாங்க பாய்! இன்னைக்கு எந்த ஊர்ல மருதாணி?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் அத்தா சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்தால் சிரிக்கவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவியவர் என்னையும் தங்கை நூர்நிஷாவையும் கூப்பிட்டார். ரமலான் முடிந்து பெருநாள் கழித்து நூர்நிஷாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை அறந்தாங்கி ஷேக் தாவூது. ஊர்வலம் எங்கள் ஊரில், எங்கள் பொறுப்பில்.

"நூரு மாப்ள ஊர்வலம் இந்த வண்டியில நடந்தா, வண்டி நம்மகிட்ட இருக்கும். நடக்கலைன்னா வேற எவன் இதுல ஏறுவான்? மறுநாளே காயலான் கடைக்காரனை வரச்சொல்லிட்டு நான் லாரிக்குப் போயிடுறேன்."

அத்தாவுக்கு முதுகு சரியில்லை. லாரி என்றால் என்ன என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

"நல்லாப் பண்ணிடுறேன் அத்தா" என்றேன்.

நூர்நிஷா வெளியே வந்ததும் கேட்டாள்: "எப்படிண்ணே பண்ணுவ?"

"சாயம் போகாத துணியாப் போடணும். திருச்சியில நீல பிளாஸ்டிக் துணி வந்திருக்காம். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"நீலமா? குஞ்சம் வெள்ளையில வைப்போம்." அவளுக்கு அதற்குள் உற்சாகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் தையல் மெஷின் அவளுடையது. வெல்வெட்டைத் தைத்ததும் அவள்தான். அதனால் பழியில் பாதி தனக்கு என்று அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

புதுத் துணி போடுவதற்கு முன்னால் பழையதை எல்லாம் எடுக்க வேண்டும். அதற்காக மட்டுமே பிரிக்க ஆரம்பித்தேன். இதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழைய அழகை மீட்கிற எண்ணம் எதுவும் எனக்கு அப்போது இல்லை.

பின்னிருக்கையின் வெல்வெட்டைப் பிரித்துப் பஞ்சை வாரினேன். அடியில் தோல். திருமயத்துப் பன்னீரில் சாயம் அதுவரைக்கும் இறங்கியிருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். சிவப்பு போய், தூசி போய், புளியங்கொட்டை நிறத்தில் தோல் தெரிந்தது. நீள நீளமான வரிகளாக மடித்துத் தைத்திருந்தார்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் எங்கேயும் தேங்கவில்லை. வரி வழியாகப் பின்னால் ஓடி, சாய்மானத்துக்கும் இருக்கைக்கும் நடுவில் இறங்கி, தரைப்பலகையில் இருந்த ஓட்டை வழியாகத் தெருவில் சொட்டியது. இன்னொரு வாளி ஊற்றினேன். அதுவும் அப்படியே போனது.

திறந்த வண்டி என்றால் மழை உள்ளே பெய்யும். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். வெறும் அலங்காரம் என்று நான் நினைத்திருந்த வரிகளுக்கு ஒரு வேலை இருந்தது. அதைத்தான் நான் பஞ்சைப் போட்டு மூடியிருந்தேன்.

அன்றிரவு, 'நீலம் நல்ல முடிவுதானா?' என்று மட்டும் எழுதினேன்.

அடுத்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பலகை. உப்புத்தாளை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தேன். என் வெள்ளிப் பெயின்ட் போனது. அதற்கடியில் எவரோ அடித்த பச்சை. அதற்கும் அடியில் கறுப்பு. கடைசியில் மரம். நான் மரக்கடையில் வேலை செய்கிறவன். தினம் பலகைகளின் நடுவே உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் அந்த ரேகைகளைப் பார்த்ததும் கையை எடுக்க மனம் வரவில்லை. நூர்நிஷா வந்து பார்த்தாள்.

"இதுக்கு என்ன கலர் அடிக்கப் போற?"

"தெரியலை."

"நீலத்துக்கு வெள்ளை எடுப்பா இருக்கும்."

"இரு. இன்னும் முடிவு பண்ணலை."

"நீ முடிவு பண்றதுக்குள்ள எனக்குப் பேரப்புள்ள பொறந்துடும்."

மறுநாள் அத்தா எஞ்சினைச் சோதிக்க உட்கார்ந்தார். பல்புகளையும் திராட்சையையும் நான் எடுத்துவிட்டிருந்தேன். பழைய பொத்தான்களைத் துடைத்து, பலகையில் ஏற்கெனவே இருந்த ஓட்டைகளில் பொருத்தியிருந்தேன். அத்தா என்னிடம் ஏதோ பேசிக்கொண்டே, பலகையைப் பார்க்காமல் கையை நீட்டினார். விரல் நேராக ஸ்டார்ட்டர் பொத்தானில் போய் நின்றது. இழுத்தார். வண்டி கிளம்பியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

நான் கவனித்தேன். வெல்வெட் காலத்தில் அதே கை எத்தனையோ முறை திராட்சைக் கொத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது. தட்டச்சு வகுப்பில் எங்கள் மாஸ்டர் மெஷின்மேல் அட்டையை வைத்து மறைத்துவிடுவார். கண்ணால் தேடக் கூடாது. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் இன்னும் அட்டைக்கடியில் எட்டிப் பார்க்கிறவன். அத்தா இந்த வண்டியில் அப்படி எட்டிப் பார்க்காதவர். பல்புக்கும் திராட்சைக்கும் இடம் விடுவதற்காகப் பொத்தானை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தவன் நான்தான்.

அதிலிருந்து ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்குத் திரும்பியது. கதவின் உள்பக்கம் கிழிந்துபோயிருந்த கான்வாஸ் பையை நூர்நிஷா புதிதாகத் தைத்தாள். பின்னிருக்கைக்காரர் பிடித்துக்கொள்ளும் தோல்வாரை மறுபடியும் மாட்டினேன். மின்சார ஹாரனைக் கழற்றிவிட்டு, பிழிந்தால் சத்தம் வரும் பழைய ரப்பர் ஹாரனைப் பொருத்தினேன். ஒவ்வொரு முறையும் வண்டி முன்பைவிட அமைதியாகத் தெரிந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பிடித்தது. பிடித்ததால் பயமும் வந்தது. நீலத் துணிக்குச் செலவு செய்ய முடியாத கையாலாகாத்தனத்துக்கு நான் ரசனை என்று பெயர் வைக்கிறேனோ? வேலை மிச்சம் என்ற சோம்பேறித்தனமோ? ஆனால் முன்னிருக்கையை நினைத்தால் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியவில்லை. அதன் தோலைக் கிழித்தவன் நான். பிளாஸ்டிக் போட்டால் ஒரே நாளில் முடியும். தோலே போட வேண்டுமென்றால் ரமலான் முழுவதும் போதாது.

மரக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு, நோன்போடு பஸ் ஏறித் திருச்சிக்குப் போனேன். செம்பட்டில் தோல் பதனிடும் இடத்தில் ஆவாரம்பட்டையில் ஊறிய மாட்டுத்தோல் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் விரித்ததும் நூர்நிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, இது மஞ்சளா இருக்கு. பின்னாடி சீட்டு புளியங்கொட்டை, முன்னாடி சீட்டு பருப்புச் சோறா?"

எனக்கும் அதே கவலைதான். ஓரத்தில் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எண்ணெய் தடவி, கூரை ஓட்டின்மேல் வெயிலில் வைத்தேன். தேங்காயெண்ணெய்த் துண்டைக் காக்கை தூக்கிக்கொண்டு போனது. நல்லெண்ணெய்த் துண்டு திட்டுத் திட்டாகக் கறுத்தது. விளக்கெண்ணெய்த் துண்டு மட்டும் நாளாக ஆகச் சீராகச் சிவந்து, பழுத்து, ஒரு நாள் பின்னிருக்கைக்கு அருகில் வைத்துப் பார்த்தபோது எது எது என்று எனக்கே தெரியவில்லை. அன்று வகுப்பில், நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு தட்டியபோது ஒரு பிழை கூட வரவில்லை.

தைப்பதுதான் கடினம். தோலில் மெஷின் ஊசி ஒடிந்தது. முன்பு கிழித்து மூலையில் போட்டிருந்த முன்னிருக்கைத் தோலின் தையலைப் பிரித்து, துண்டுகளைப் புதுத் தோலின்மேல் வைத்து, பழைய ஊசித்துளை ஒவ்வொன்றிலும் ஆணியால் குத்தினோம். பிறகு அந்தத் துளைகள் வழியாகக் கையால் தைத்தோம். நூர்நிஷா தைக்க, நான் மெழுகு பூசிய நூலை இழுத்துக் கட்டினேன். மணப்பெண்ணின் கைவிரல் எல்லாம் காய்த்துப்போகிறது என்று அம்மா சத்தம் போட்டார்.

"மருதாணி வச்சா மறைஞ்சுடும்மா" என்றாள் நூர்நிஷா. பிறகு என்னைப் பார்த்து, "நம்ம வண்டிக்குத்தான் அது ஏகப்பட்டது இருக்கே" என்றாள்.

பெருநாள் முடிந்த வாரம் மாப்பிள்ளையின் தாய்மாமா அறந்தாங்கியிலிருந்து வந்தார். வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். மருதாணிக் கதை அறந்தாங்கி வரைக்கும் போயிருந்தது. முகப்பில் நிறுத்தியிருந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"என்ன சம்மந்தி இது? இன்னும் வேலையே ஆரம்பிக்கலையா?"

"முடிஞ்சிருச்சுங்க" என்றார் அத்தா, மெதுவாக.

"முடிஞ்சதே இப்படியா? ஒரு பல்பு இல்லை, ஒரு சரிகை இல்லை. எங்க பையன் என்ன கோர்ட்டுக்கா போறான்? ஊர்ல நாலு பேரு கேக்க மாட்டாங்களா?"

அத்தா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தண்ணீர் ஓடும் வரிகளைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். தாய்மாமாவின் முகத்தைப் பார்த்தபோது அது எடுபடும் என்று தோன்றவில்லை.

"சரி, ஒண்ணு பண்ணுவோம்" என்றார் அவர். "ஜிகினா, கலர் தாளு, குஞ்சம் எல்லாம் அன்னைக்கு நான் கொண்டு வாரேன். கட்டிவிட்டுருவோம். அது சரிப்படலைன்னா அந்தப் பெரியண்ணன் வண்டியைச் சொல்லிப்புடுறேன். மூடுன வண்டின்னாலும் கல்யாணக் களை இருக்கு."

அவர் போன பிறகு அத்தா நெடுநேரம் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். "யாக்கூபு, அந்த வெல்வெட்டை நல்லா அலசிட்டு மேல மட்டுமாவது போட்டுவிட்டா என்ன?"

"அது இல்லையே அத்தா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நூர்நிஷா ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். கூடை நிறையச் சின்னச் சின்ன சுருக்குப் பைகள். விருந்தாளிகளுக்குக் கல்கண்டும் பேரீச்சம்பழமும் போட்டுக் கொடுக்க. வெல்வெட்டைச் சாயம் நிற்கும்வரை அலசி, வெட்டித் தைத்திருந்தாள். "இனி திரும்பிப் போக வழி இல்லை" என்றாள். அவளுக்கும் தோல் பிடித்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் பிடித்தால் மட்டும் போதாது. இந்த முறை நனைத்துப் பார்க்காமல் விடமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். உச்சிவெயிலில் வண்டியை நிறுத்தி, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பின்னிருக்கையில் உட்கார்ந்தேன். நூர்நிஷா பன்னீர்ச் செம்பால் என்மேல் தெளித்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"பொண்ணு யாருப்பா?" என்றார் ஒருவர்.

வேர்த்து ஒழுகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன். பின்னிருக்கை ஒன்றும் செய்யவில்லை. முன்னிருக்கைக்கு மாறினேன். எழுந்தபோது நூர்நிஷாவின் முகம் மாறியது. வேட்டியில் மஞ்சள் படலம். விளக்கெண்ணெய்.

முன்னிருக்கையில் மாப்பிள்ளை உட்காரப் போவதில்லைதான். ஆனால் அங்கே உட்காரப் போகிறவர் அந்தத் தாய்மாமா. அவரும் வெள்ளைதான் உடுத்துவார்.

"தலையில எண்ணெய் அதிகமாப் போனா என்ன பண்ணுவோம்?" என்றாள் நூர்நிஷா.

"சீயக்காய் போடுவோம். தோலு கறுத்துடும்."

"கடலைமாவு?"

கடலைமாவைத் தூவி, வெயிலில் காயவிட்டு, துணியால் துடைத்தோம். மறுபடி தூவினோம். மறுபடி துடைத்தோம். மாவு எண்ணெயைக் குடித்துத் திரண்டு திரண்டு வந்தது. அம்மா சமையலறையில் மாவு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் மாவு மாவாகவே உதிர்ந்தது. புது வேட்டி கட்டி, பன்னீர் தெளித்து, வெயிலில் உட்கார்ந்து எழுந்தேன். நூர்நிஷா என்னை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கூடையிலிருந்து ஒரு சிவப்புச் சுருக்குப் பையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

நிக்காஹ் நாள் வந்தது. ஊர்வலம் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு. மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். தாய்மாமா சொன்னபடியே இரண்டு மூட்டைகளோடு வாசலில் நின்றார். மூட்டையின் வாய் வழியாக ஜிகினா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி, வா, கட்டுவோம்."

நான் பொதுவாக யாருக்கும் உடனே பதில் சொல்கிறவன் இல்லை. அன்று சொல்லிவிட்டேன். "மாமா, மாப்ளை முதல்ல உக்காரட்டும். பாத்துட்டு, அதுக்கப்புறமும் கட்டணும்னு சொன்னீங்கன்னா நானே கட்டுறேன்."

ஷேக் தாவூது வந்து பின்னிருக்கையில் உட்கார்ந்தார். வெள்ளை ஷெர்வானி, வெள்ளைத் தலைப்பாகை, கழுத்தில் மல்லிகை மாலை. உள்ளங்கையால் தோலை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். மேற்கு வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. வண்டியின் உள்பக்கத்தில் கண்ணைக் கூசவைக்க எதுவுமில்லை. தோலும் மரமும் வெளிச்சத்தை வாங்கித் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டன. அந்தப் பழுப்பு நிறத்தின் நடுவே அவர் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தார். தெருக்கோடியிலிருந்து பார்த்தால்கூட அவர் முகம்தான் முதலில் கண்ணில் படும்.

ஜன்னலில் நின்ற பெண்களில் யாரோ, "மாப்ளை இம்புட்டு அழகா? நான் கவனிக்கவே இல்லையே!" என்றார்.

தாய்மாமா ஜிகினாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மருமகனைப் பார்த்தார், ஜிகினாவைப் பார்த்தார். "சரி, தெருமுக்கு வரைக்கும் இப்படியே போவோம். அங்கிட்டுப் போய்ப் பாத்துக்கலாம்" என்று முன்னிருக்கையில் ஏறி மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

தெருமுக்கு வந்தது. "அடுத்த முக்குல பாத்துக்கலாம்" என்றார். அடுத்த முக்கும் வந்து போனது. நான் படியில் தொற்றிக்கொண்டு வந்தேன்.

பன்னீர் பார்த்துத் தெளிப்பதுதான் வழக்கம். அன்று தெளிக்கவில்லை, ஊற்றினார்கள். மருதாணி வண்டி மறுபடி ஊர்வலம் வருகிறது என்று தெரிந்து ஊரே செம்போடு காத்திருந்தது. மாப்பிள்ளைமீது கொஞ்சம், இருக்கைமீது அதிகம். கார் ஸ்டாண்டைக் கடந்தபோது பெரியண்ணன் ஒரு சின்னக் குடத்தோடு நின்றார்.

"மாப்ளை, ஊருல வெயில் சாஸ்திங்க!" என்று குடத்தை அப்படியே சாய்த்தார்.

ஷேக் தாவூது முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் இருக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னீர் வரிகளில் ஓடி, பின்னால் இறங்கி, தரைப்பலகையின் ஓட்டை வழியாகச் சொட்டியது. வண்டிக்குப் பின்னால் தெரு நெடுக ஒரு ஈரக்கோடு நீண்டது. தெரு முழுக்க ரோஜா வாசனை. சிவப்பாக ஒரு துளிகூட இல்லை என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். என் சந்தேகம் அப்படிப்பட்டது.

எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பெரியண்ணனும் ஸ்டாண்டுக்காரர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"மாப்ளை, எறங்குனதும் ஒரு சுத்து சுத்துங்க! ஊரே பாக்கணும்!"

அத்தா எஞ்சினை நிறுத்தினார். பாண்டு நின்றது. ஷேக் தாவூது இறங்கினார். ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு கைகளை விரித்து, மெதுவாக, ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்.

வெள்ளை. நனைந்து ஒட்டிக்கொண்ட வெள்ளை. முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை.

முதலில் கைதட்டியவர் பெரியண்ணன்தான். பிறகு எழுந்த சத்தத்தில் பாண்டு எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை. யாரோ என்னைத் தூக்கினார்கள். தாய்மாமா முன்னிருக்கையிலிருந்து இறங்கித் தன் வேட்டியின் பின்பக்கத்தைத் தானே திருகிப் பார்த்தார். அதுவும் வெள்ளை. அவர் இரண்டு மூட்டைகளையும் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். அன்று மாலை எங்கள் தெருவில் இருந்த ஆடுகள்கூட ஜிகினா கட்டிக்கொண்டு திரிந்தன.

நிக்காஹ் முடிந்து விருந்து நடக்கும்போது பெரியண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, என் வண்டியிலயும் அந்த ஜிகினாவுக்கு அடியில என்ன இருக்குன்னு ஒரு நாள் பாத்துச் சொல்லு."

"பாக்கலாம்ணே."

"என்ன இருக்கும்?"

"பிரிச்சாத்தான் தெரியும்ணே" என்றேன்.

மறுநாள் காலையில் மணமக்களை அதே வண்டியில் அறந்தாங்கிக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்று தாய்மாமாவே கேட்டுக்கொண்டார். அடுத்த மாதத்தில் தன் சொந்தக்காரர்கள் வீட்டு ஊர்வலம் ஒன்றுக்கும் அப்போதே சொல்லிவைத்தார். அத்தா தலையை மட்டும் அசைத்தார். காயலான் கடையைப் பற்றி அதன்பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

அத்தா ஓட்ட, நான் முன்னால். பின்னால் நூர்நிஷாவும் மச்சானும். அம்மாவும் அவளும் அழுது முடித்த பிறகு, வண்டி ஊரைத் தாண்டியது. அவள் கை கதவுப் பக்கம் போய், தான் தைத்த பையைத் தேடியது. கைக்குட்டையை அதில் செருகினாள். இந்த வண்டிக்காக இவ்வளவும் தைத்தவள், இதில் உட்கார்ந்து பயணம் போவது அன்றுதான் முதல் முறை.

"எப்படி இருக்கு?" என்றேன், திரும்பாமல்.

நூர்நிஷா வரிகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எல்லாம் சரிதாண்ணே" என்றாள் கடைசியில். "ஆனா அந்த வெல்வெட்டு கொஞ்சம் மெத்துனு இருந்துச்சு."

அத்தா உரக்கச் சிரித்தார். நான் கையை வெளியே நீட்டி ரப்பர் ஹாரனை ஒரு பிழி பிழிந்தேன். முன்னால் போன மாட்டுவண்டி வழி விட்டது.